ஏஐ வரைந்த மூளை மேப்... மனுஷங்க ஏன் உட்கார்ந்து திருத்தணும்? 30 லட்சம் திருத்தங்களின் பின்னணி!

வாழைப்பழத்தின் மேல் மொய்க்குமே பழ ஈ, அதன் மூளை கசகசா அளவுதான் இருக்கும். அந்த மூளையின் 1,39,255 நரம்பு செல்களும் எப்படி இணைந்திருக்கின்றன என்ற முழு வரைபடம் 2024 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வெளியானது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய இந்தத் திட்டத்தின் பெயர் 'ஃப்ளைவயர்'. வரைபடத்தை முதலில் போட்டுக் கொடுத்தது ஏஐ. அதன் மேல் மனிதர்கள் செய்த திருத்தங்கள் மட்டும் 30 லட்சத்துக்கும் அதிகம்!

இரண்டே மாதத்தில், டிசம்பரில், சென்னை ஐஐடியும் ஒரு மூளை வரைபடத்தை வெளியிட்டது. அதனால் இது நம்ம ஊர் விஷயமும்தான். ஏஐ எங்கே தப்பு செய்கிறது, அதை எப்படிப் பிடிக்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

மூளையின் வயரிங் மேப் எப்படி தயாராகிறது?

ஈயின் மூளையை 7,000-க்கும் மேற்பட்ட மெல்லிய சீவல்களாக வெட்டினார்கள். ஒவ்வொன்றும் 40 நானோமீட்டர் தடிமன். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்களை அடுக்கிவிடலாம். அவற்றை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் படம் பிடித்ததில் கிடைத்தவை சுமார் 2 கோடியே 10 லட்சம் படங்கள்.

ஒரு நரம்பு செல், சீவலுக்கு சீவல் எங்கே தொடர்கிறது என்று கண்டுபிடித்து, முப்பரிமாண வடிவமாகக் கோப்பதுதான் ஏஐ-யின் வேலை. மனிதர்களே முதலில் இருந்து செய்ய முடியாதா? செய்திருக்கிறார்கள். வெறும் 302 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னப் புழுவுக்கு கையாலேயே மேப் போட்டு, 1986-ல் வெளியிட்டார்கள். அதற்கே பத்தாண்டுக்கு மேல் ஆனது.

ஏஐ எங்கே சறுக்குகிறது?

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். கேபிள் டிவி, இன்டர்நெட், டெலிபோன் என்று பின்னிக் கிடக்கும் வயர்களில், ஒரு வீட்டுக்குப் போகிற வயரை மட்டும் பிரித்துச் சொல்வது எவ்வளவு கஷ்டம்? மூளையில் அந்தச் சிக்கல் பல்லாயிரம் மடங்கு.

இதில் ஏஐ செய்யும் தவறுகள் முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று, அறுந்த பிழை. ஒரே செல்லின் கிளையை பாதியிலேயே நிறுத்திவிடும். சீவல் கிழிந்தோ மடங்கியோ இருந்தால், அல்லது கிளை ரொம்ப மெல்லிசாக இருந்தால் இப்படி ஆகும்.

இரண்டு, ஒட்டிய பிழை. பக்கத்துப் பக்கத்தில் போகும் இரண்டு செல்களை ஒன்று என்று ஒட்டிவிடும். இதுதான் அதிக ஆபத்து. கண்ணில் இருந்து வரும் வயரோடு, நாக்கில் இருந்து வரும் வயர் சேர்ந்துவிட்டால், 'பார்வையும் ருசியும் இங்கே இணைகின்றன' என்று இல்லாத ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிடுவார்கள்.

திருத்துவது எப்படி?

திரையின் ஒரு பக்கம் கறுப்பு வெள்ளை சீவல் படம், இன்னொரு பக்கம் கலர் கலராக செல்லின் முழு வடிவம். திருத்துபவர் முதலில் வடிவத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கிளை திடீரென மொட்டையாக முடிகிறதா? அந்த இடத்து சீவல்களுக்குப் போய், மிச்சத் துண்டைத் தேடி இணைப்பார். ஒரே வடிவத்தில் இரண்டு செல் உடல்கள் தெரிகிறதா? எந்த இடத்தில் ஒட்டியது என்று கண்டுபிடித்து வெட்டிவிடுவார்.

மூளையின் இடது, வலது பக்கங்களில் ஒரே வகை செல்கள் ஜோடியாக இருப்பது வழக்கம். ஒரு பக்கம் இருக்கும் கிளை மறுபக்கம் காணோம் என்றால், அங்கே ஏதோ தப்பு என்று அர்த்தம்.

எல்லோரும் உடனே கை வைத்துவிட முடியாது. பயிற்சி முடித்த பிறகுதான் அனுமதி. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும் பதிவாகும். 76 ஆய்வகங்களைச் சேர்ந்த 287 ஆராய்ச்சியாளர்களோடு, ஆர்வத்தில் வந்த தன்னார்வலர்களும் இதில் உழைத்தார்கள். ஒரே ஆள் செய்திருந்தால் சுமார் 33 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது கணக்கு.

சென்னையில் என்ன நடக்கிறது?

தாம்பரத்தில் இருந்து மின்சார ரயிலில் கிண்டி வரை போய், அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் ஐஐடி மெட்ராஸ். அங்கே இருக்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம்தான் 'தரணி' என்ற வரைபடத்தை வெளியிட்டது. தாயின் வயிற்றில் இரண்டாவது டிரைமெஸ்டரில் இருக்கும் சிசுவின் மூளை, செல் அளவுக்குத் தெளிவாக இதில் தெரிகிறது. 5,132 சீவல் படங்களும், பெயர் குறிக்கப்பட்ட 500-க்கும் மேற்பட்ட பகுதிகளும் இதில் உள்ளன.

ஒரு வித்தியாசத்தை கவனிக்கணும். 'தரணி' காட்டுவது ஏரியா மேப். தாம்பரம் எது, பல்லாவரம் எது என்று சொல்வது மாதிரி. 'ஃப்ளைவயர்' காட்டுவது ஒவ்வொரு வீட்டுக்கும் போகிற வயர். மனித மூளை முழுவதற்கும் அப்படி ஒரு வயர் மேப் இன்னும் உலகில் எங்கும் இல்லை.

அது ஏன் இன்னும் வரவில்லை?

கணக்கு போட்டாலே புரியும். எலியின் மூளையில் சுமார் 7 கோடி நரம்பு செல்கள். ஈக்கு ஆன அதே வேகத்தில் திருத்தினால், ஒரே ஆளுக்கு 16,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி செல்கள். அதற்கு 2 கோடி ஆண்டுகள்! இத்தனைக்கும் எலி, மனித நரம்பு செல்கள் ஈயின் செல்களை விட நீளமானவை. தப்பு நடக்கும் இடங்களும் கூடும்.

2025 ஏப்ரலில் எலி மூளையின் ஒரு கன மில்லிமீட்டர் அளவுக்கான மேப் வெளியானது. அதாவது ஒரு மணல் துகள் அளவு. அதில்கூட மனிதர்கள் முழுமையாக சரிபார்த்தது ஒரு சிறு பகுதியைத்தான். அதனால் பிழை திருத்துவதற்கே தனி ஏஐ உருவாக்கும் வேலையும் நடக்கிறது. அதற்குப் பாடம் எடுப்பது, மனிதர்கள் ஏற்கெனவே செய்து வைத்த திருத்தங்கள்தான். சந்தேகமான இடத்தில் கடைசி முடிவும் மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.

நீங்களும் பார்க்க முடியுமா? முடியும். 'தரணி', 'ஃப்ளைவயர்' இரண்டுமே ஆன்லைனில் இலவசம். பெரிய திரை இருந்தால் இன்னும் நல்லது.