மயக்க மருந்தில் மனச்சோர்வுக்கு ஒரு வழி

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கம் தரும் கெட்டமைன் மருந்து 1962-இல் அமெரிக்காவில் உருவானது. மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத கடும் மனச்சோர்வுக்கும் இப்போது அதைத் தருகிறார்கள். வழக்கமான மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். கெட்டமைன் சிலருக்குச் சில மணி நேரத்திலேயே பாரத்தைக் குறைக்கிறது.

மயக்கத்துக்குத் தருவதைவிடக் குறைந்த அளவு, சுமார் 40 நிமிடம் டிரிப்ஸில் சொட்டுச் சொட்டாக இறங்கும். ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பார்கள். அந்த நேரத்தில் தலை சுற்றலாம். உடம்பு நம்முடையதல்ல என்பதுபோலத் தோன்றலாம். பலன் சில நாட்களில் குறைந்துவிடக்கூடும் என்பதால், மனநல ஆலோசனையையும் சேர்த்துத் தரும் முறை வளர்ந்து வருகிறது.

இந்தியாவில் கெட்டமைன் கடும் கட்டுப்பாட்டில் உள்ள அட்டவணை எக்ஸ் மருந்து. மனநல மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் யாரும் இதைத் தொடவே கூடாது.

மனம் கனத்துக் கிடந்தால் முதலில் வாய்விட்டுப் பேசுங்கள். சென்னையில் மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும், 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. தயங்காமல் அழையுங்கள்.