காலி நாற்காலிக்கும் ஒரு ஓட்டு

"ஓட்டுப் போட்டு உக்கார வெச்சது நாம. எறக்கறதுக்கு மட்டும் கலெக்டர் ஆபீசுக்குப் போகணுமா?"

திருத்தணிப் பக்கம் மணவூரில் கேட்டாலும் சரி, தமிழ்நாட்டின் வேறு எந்த ஊராட்சியில் கேட்டாலும் சரி, இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ஆமாம், போகத்தான் வேண்டும். ஊராட்சித் தலைவரை ஊரே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. பதவியிலிருந்து நீக்கும்போது ஊரிடம் யாரும் ஓட்டுக் கேட்பதில்லை.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 205-ஆம் பிரிவில் இதற்கு வழி சொல்கிறது. சட்டத்தை வேண்டுமென்றே மீறினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று தலைவர்மேல் புகார் இருந்தால் மாவட்ட ஆட்சியர் தாமாகவே நடவடிக்கையைத் தொடங்கலாம். இல்லையென்றால் வார்டு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கையெழுத்துப் போட்டு, அவர்களில் இருவர் நேரில் போய் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். தலைவரிடம் விளக்கம் கேட்பார்கள். அது திருப்தியாக இல்லையென்றால் தாசில்தார் வந்து உறுப்பினர்கள் கூட்டத்தை நடத்துவார். ஆட்சியரின் நோட்டீசையும் தலைவரின் பதிலையும் அவர் வாசிப்பார். அந்தக் கூட்டத்தில் விவாதம் கிடையாது. உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு எழுதி அனுப்புவதோடு தாசில்தார் வேலை முடிந்துவிடும். நீக்குவதா விடுவதா என்று முடிவெடுப்பவர் ஆட்சியர். இதில் எந்தப் படியிலும் வாக்காளருக்கு இடமில்லை.

கிராம சபை இருக்கிறதே என்பீர்கள். வருடத்துக்கு ஆறு நாள் கூடும் அந்தச் சபையில் வரவு செலவைக் கேட்கலாம், தீர்மான நோட்டில் கேள்வியை ஏற்றச் சொல்லலாம். தலைவரை நீக்கும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை.

ஊரில் சண்டை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் "செக் பவர்" என்ற சொல்லில் வந்து நிற்கும். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் முறைத்துக்கொண்டால் பைப்லைன் உடைப்பைச் சரிசெய்தவருக்குக் கூலி நிற்கும், தெருவிளக்குக்கு பல்பு வராது. புகார் முற்றினால் தலைவரின் செக் பவரை ஆட்சியர் பறிக்கிறார். தலைவர் பதவியில் இருப்பார், ஆனால் அவரால் எதுவும் செய்ய முடியாது. ஊர் முழுக்க வேலை முடங்கிக் கிடக்கும். இவர் தொடரலாமா என்று ஊரைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

நகராட்சியில் கதை வேறு. அங்கே தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் கவுன்சிலர்கள், நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருவதும் கவுன்சிலர்கள். 2025 ஜூலையில் சங்கரன்கோவில் நகராட்சித் தலைவரை அவருடைய கட்சிக் கவுன்சிலர்களும் சேர்ந்தே பதவியிலிருந்து இறக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு காஞ்சிபுரம் மேயர் மீது தீர்மானம் வந்தபோது கூட்டத்துக்குக் கவுன்சிலர்கள் யாருமே வராததால் அது தோற்றது. இரண்டிலும் ஊர் மக்கள் வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை "திரும்ப அழைத்தல்" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. வாக்காளர் ஓட்டுப் போட்டு இறக்கினால்தான் அது திரும்ப அழைத்தல்.

அப்படி நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்து வந்த காலத்தில் அதற்குச் சட்டம் வந்தது. கவுன்சிலர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் கேட்டால், தலைவர் தொடரலாமா என்று ஊர் முழுக்க ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 2001-இல் அனுப்பூர் என்ற சிறு நகரத்தின் தலைவர் அப்படித்தான் பதவி இழந்தார். அந்த மாநிலத்திலிருந்து பிரிந்த சத்தீஸ்கரில் 2008 ஜூனில் ராஜ்பூர், நவாகட், குண்டர்தேஹி ஆகிய மூன்று ஊர்த் தலைவர்களை மக்கள் இறக்கினார்கள்.

அந்த வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே சின்னங்கள்: காலி நாற்காலி, ஆள் உட்கார்ந்த நாற்காலி. கட்சிச் சின்னம் இல்லை, போட்டி வேட்பாளர் இல்லை. எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் ஒரே பார்வையில் புரியும். இதைவிடத் தெளிவான வாக்குச்சீட்டை நான் அறிந்ததில்லை.

இப்படி ஓட்டு வைத்தால் தலைவர் தோற்றே தீருவார் என்றும் இல்லை. 2012 டிசம்பரில் ராஜஸ்தானின் மாங்ரோல் நகராட்சியில் இதே மாதிரி வாக்கெடுப்பு நடந்தபோது தலைவரே தொடரட்டும் என்று மக்கள் சொன்னார்கள். கவுன்சிலர்களின் கோபம் வேறு, ஊரின் கோபம் வேறு என்பது அந்தப் பெட்டியைத் திறந்தபோது தெரிந்தது. ஹரியானா 2020-இல் கிராமத் தலைவர்களுக்கும் இதைக் கொண்டுவந்தது. கிராம சபையினரில் பாதிப்பேர் எழுதிக் கேட்க வேண்டும், ரகசிய ஓட்டில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எதிர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதைக் கேட்கும்போது எனக்கு ஒரு பயம் உண்டு. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளை நாம் மறக்க முடியாது. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 தொடங்கிப் பத்து ஆண்டுகள் அங்கே தேர்தலே ஒழுங்காக நடக்கவில்லை. வென்றவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். 2006-இல்தான் நிலைமை மாறியது. அப்படிப்பட்ட ஊரில் மனுவைக் கையில் கொடுத்து, கையெழுத்துப் போடு என்று வீடு வீடாகப் போனால் மறுக்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும்? பெரும்பான்மைச் சாதி நினைத்தால் தலித் தலைவரையும் பெண் தலைவரையும் ஆறே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அதனால் எனக்குச் சம்மதமான சட்டம் ஹரியானாவை விடக் கடினமானது. முதல் 2 ஆண்டு யாரும் மனுக் கொடுக்கக் கூடாது. கையெழுத்தை ஊர்ச் சாவடியில் வாங்கக் கூடாது, தாலுகா அலுவலகத்தில் ஒவ்வொருவரும் தனியாக வந்து போட வேண்டும். காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், அது கணக்கும் ஆவணமும் வைத்துச் சரிபார்க்கக் கூடிய காரணமாக இருக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பதவியில் இருப்பவர் போனால் அதே பிரிவினரே அந்த இடத்துக்கு வர வேண்டும். ஓட்டு, சந்தேகமே இல்லாமல், ரகசிய ஓட்டு.

மணவூர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலரை ஊர் தேர்ந்தெடுக்கவும் இல்லை, திரும்ப அழைக்கவும் வழியில்லை. ஊராட்சிச் சட்டத்தை மாற்ற டெல்லிக்குப் போக வேண்டாம். உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது, சென்னைச் சட்டமன்றமே போதும். காலி நாற்காலியைக் கேட்டு எழுதும் மனு, உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் பெயருக்குப் போக வேண்டும்.