தம்புசாமி பிள்ளை: கோயிலும் பள்ளியும்

தைப்பூசத்துக்கு ஜொகூரிலிருந்து பத்துமலை செல்லும் பலருக்கு, கே. தம்புசாமி பிள்ளையை அங்கு முருகன் கோயில் அமைத்தவராக மட்டுமே தெரியும். அவர் தொழிலதிபரும்கூட.

1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர், ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனில் படித்தார். சிலாங்கூர் அரசுக் கருவூலத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர், பின்னர் ஈயச் சுரங்கத்தில் முதலீடு செய்தார். 1894இல் லோக் இயூவுடன் சேர்ந்து ரவாங் சுரங்கத்தில் மின்னாக்கி நிறுவினார். சுரங்கத்து நீரை இறைக்க மலாயாவில் முதன்முதலாக மின்சாரப் பம்பு பயன்பட்டது அங்குதான்.

1893இல் கோலாலம்பூரில் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்குமாக எழுந்த விக்டோரியா இன்ஸ்டிடியூஷனின் தொடக்ககால அறங்காவலர்களில் அவரும் ஒருவர். 1902இல் மறைந்தார்.

கோயில் திருப்பணிக்குத் தாராளமாகக் கொடுக்கும் சமூகம், பள்ளி நிதிக்கும் அப்படியே கொடுக்கலாம். அவர் இரண்டையும் செய்தவர்.