இமாமத்தும் திருமறைச் சான்றும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 11ஆம் ஆண்டில் இம்மண்ணுலகை நீத்தபோது, அவர்களுக்குப் பின் சமுதாயத்தை நடத்திச் செல்லும் பொறுப்பு யாருக்குரியது என்னும் வினா எழுந்தது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கடமையை மார்க்கம் மக்களிடமே விட்டுள்ளது என்பது ஸுன்னத் வல் ஜமாஅத்தினரின் கொள்கை. நபியை அனுப்பிய இறைவனே நபிக்குப் பின்வரும் இமாமையும் நியமித்துவிட்டான். அந்த நியமனத்தை நபியவர்கள் வாயாலேயே அறிவித்தும் விட்டான் என்பது ஷியாக்களின் கொள்கை. பதினான்கு நூற்றாண்டுகளாக இவ்விரு விடைகளும் எதிரெதிரே நிற்கின்றன.

எலவனாசூர்கோட்டையில் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் இளைஞர் சிலர் எம்மை அணுகி, “ஷியாக்கள் எடுத்துக் காட்டும் வசனங்கள் நம் குர்ஆனில் உள்ளனவா?” என்று வினவினர். கைபேசியில் கேட்ட சொற்பொழிவுகள் அவர்களைக் குழப்பியிருந்தன. அன்பார்ந்த வாசகர்களே! நம் இல்லங்கள் பலவற்றிலும் இவ்வையம் உண்டு என்பதால் அதற்குரிய விளக்கத்தை ஈண்டுத் தருகின்றோம்.

வசனங்கள் உள்ளன. நபிமொழிகளும் உள்ளன. அவற்றுட் பல நம்முடைய ஹதீஸ் கிரந்தங்களிலேயே பதிவாகியுள்ளன. கருத்து வேற்றுமை அவற்றின் இருப்பைப் பற்றியதன்று. அவை எதற்குச் சான்றாகும் என்பதைப் பற்றியதே ஆகும்.

வசனங்களும் விளக்கங்களும்

முதலாவதாக, அல்மாயிதா அத்தியாயத்தின் 55ஆம் வசனம். அல்லாஹ்வும் அவன் தூதரும், தொழுகையை நிலைநாட்டிப் பணிந்த நிலையில் ஜகாத் வழங்கும் நம்பிக்கையாளர்களுமே உங்கள் ‘வலீ’ என்பது அதன் கருத்து. ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் ருகூவில் இருந்தபடியே ஓர் ஏழைக்குத் தம் மோதிரத்தை ஈந்தபோது இவ்வசனம் இறங்கியது என்றும், ‘வலீ’ என்பதற்கு ஆட்சிப் பொறுப்புடையவர் என்பதே பொருள் என்றும் ஷியா அறிஞர்கள் கூறுவர். இதற்குச் சற்று முன்னர், 51ஆம் வசனத்தில், அதே சொல்லின் பன்மை நேசர், துணைவர் என்னும் பொருளில் வந்துள்ளது என்றும், வசனம் பன்மையில் அமைந்திருத்தலால் நம்பிக்கையாளர் அனைவரையும் குறிக்கும் என்றும் நம் அறிஞர்கள் விடை பகர்வர். மோதிரம் பற்றிய அறிவிப்பின் வலிமையையும் அவர்கள் ஏற்பதில்லை.

இரண்டாவதாக, அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 33ஆம் வசனம். நபியின் இல்லத்தாரை அழுக்கு நீக்கித் தூய்மைப்படுத்த இறைவன் நாடுவதாக அது அறிவிக்கின்றது. நபியவர்கள் அலி, பாத்திமா, ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகிய நால்வரையும் தம் போர்வைக்குள் அணைத்து இவ்வசனத்தை ஓதிய செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்துள்ளார்கள். அது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதனைக் கொண்டு இமாம்கள் பாவத்தினின்றும் காக்கப்பட்டவர்கள் என்று ஷியாக்கள் நிறுவுவர். முன்னும் பின்னும் பெண்பால் விளியில் செல்லும் பேச்சு இவ்விடத்தில் ஆண்பாலுக்கு மாறுவதையும் சுட்டுவர். முன்பின் வசனங்கள் நபியின் மனைவியரையே விளித்தலால் அவர்களும் இல்லத்தாரே என்றும், இவ்வசனம் சிறப்பை உணர்த்துமேயன்றி ஆட்சி நியமனத்தை உணர்த்தாது என்றும் நம்மவர் கூறுவர்.

மூன்றாவதாக, அன்னிஸா அத்தியாயத்தின் 59ஆம் வசனம். அல்லாஹ்வுக்கும் தூதருக்கும் ‘உலுல் அம்ரு’ எனப்படும் அதிகாரமுடையோருக்கும் கீழ்ப்படியுமாறு அது பணிக்கின்றது. நிபந்தனையின்றிக் கீழ்ப்படியச் சொல்லப்பட்டோர் தவறிழைக்காத இமாம்களாகவே இருத்தல் வேண்டும் என்பது ஷியாக்களின் வாதம். அதே வசனத்தின் பிற்பகுதியோ, பிணக்கு நேர்ந்தால் அல்லாஹ்விடமும் தூதரிடமும் மட்டுமே அதனைக் கொண்டு செல்லச் சொல்கின்றது. தலைவர்களோடும் பிணக்கு நேரக்கூடும் என்பதனையே இது காட்டுவதாக நம் விரிவுரையாளர் பலர் எடுத்துரைப்பர்.

கதீர் கும்மில் கூறியது

இனி நபிமொழிக்கு வருவோம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, துல்ஹஜ் 18ஆம் நாள், இறுதி ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில் கதீர் கும் என்னுமிடத்தில் நபியவர்கள் உரையாற்றினார்கள். தாம் யாருக்கு ‘மவ்லா’வோ அவருக்கு அலியும் மவ்லா என்று அங்கே அறிவித்தார்கள். திர்மிதியிலும் முஸ்னத் அஹ்மதிலும் பதிவாகியுள்ள இந்நபிமொழியை நம் ஹதீஸ் கலை வல்லுநர் பலரும் ஏற்றுள்ளனர்.

நம்பிக்கையாளருக்கு அவர்தம் உயிரினும் தாமே உரிமையுடையவரல்லவா என்று நபியவர்கள் முதலில் வினவிய பின்னரே இதனைக் கூறினார்கள். ஆகவே மவ்லா என்பது தலைமையையே குறிக்கும் என்பர் ஷியாக்கள். யமனிலிருந்து திரும்பியோர் சிலர் அலி (ரலி) அவர்கள்மீது குறை கூறியிருந்தமையால், அவர்களை நேசிக்க வேண்டிய கடமையை நபியவர்கள் உணர்த்தினார்கள். தொடர்ந்து வரும் துஆவும் நேசத்தையும் பகையையும் பற்றியதே என்பர் நம்மவர்.

தபூக் படையெடுப்பின்போது, மூஸாவுக்கு ஹாரூன் போன்று தமக்கு அலி என்று நபியவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஹாரூன் (அலை) அவர்கள் மூஸா (அலை) அவர்களுக்கு முன்னரே மறைந்தவர்களாதலின், இது மதீனாவில் அப்போது ஏற்ற பிரதிநிதித்துவத்தையே குறிக்கும் என்பது நம் விளக்கம். நபித்துவம் ஒன்று மட்டுமே அங்கு விலக்கப்பட்டிருத்தலால், ஹாரூனுக்குரிய மற்றெல்லா நிலைகளும் அலிக்கு உண்டு என்பது அவர்களின் விளக்கம்.

நம் தரப்பின் சான்று யாது? உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில், தமக்குப் பின் ஒருவரை நியமிக்குமாறு வேண்டப்பட்டபோது, நியமித்தால் அபூபக்ரின் முன்மாதிரி உண்டு, நியமியாமல் விட்டால் நபியவர்களின் முன்மாதிரி உண்டு என்னும் கருத்தில் விடையளித்தார்கள். புகாரியில் உள்ள இச்செய்தி வெளிப்படையான நியமனம் நிகழவில்லை என்பதற்கு நாம் காட்டும் வலுவான சான்றாகும். நோயுற்ற இறுதி நாட்களில் தொழுகை நடத்த அபூபக்ர் (ரலி) அவர்களை நபியவர்கள் முன்னிறுத்தியதும், நம்பிக்கையாளரின் காரியம் ஆலோசனையால் நடைபெறும் என்று அஷ்ஷூரா அத்தியாயம் புகழ்வதும் அதனோடு சேரும்.

சென்னையில் நடந்த பணி

இவ்விவாதம் தமிழகத்திற்குப் புதிதன்று. லக்னோவில் ஸுன்னி, ஷியா பூசலால் ஊரைத் துறக்க நேர்ந்த மௌலானா அப்துல் அலீ அவர்கள், பல ஊர்களில் போதித்த பின், ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் ஆதரவில் சென்னைக்கு வந்தார்கள். ‘பஹ்ருல் உலூம்’, அதாவது கல்விக்கடல் என்று புகழப்பெற்ற அப்பெரியார் 1810இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். நம் மதரஸாக்கள் பல பின்பற்றும் ‘தர்ஸே நிஜாமி’ பாடத்திட்டம் அவர்களின் தந்தையார் முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் பெயரால் வழங்குவதாகும்.

தில்லி ஷாஹ் அப்துல் அஜீஸ் அவர்கள் ஷியாக் கொள்கைக்கு மறுப்பாகப் பார்சியில் எழுதிய ‘துஹ்பா இஸ்னா அஷரிய்யா’ என்னும் நூல், ஹிஜ்ரி 1227இல் (1812) சென்னையிலேயே குலாம் முஹம்மது அஸ்லமி என்பாரால் அரபியில் பெயர்க்கப்பட்டது. பின்னர் பக்தாதின் மஹ்மூத் ஷுக்ரீ ஆலூஸீ அப்பெயர்ப்பைச் சுருக்கி எழுதினார். மூலநூலுக்கு லக்னோவின் ஷியா அறிஞர் மீர் ஹாமித் ஹுஸைன் ‘அபகாத்துல் அன்வார்’ என்னும் பன்மடலப் பெருநூலால் விடையிறுத்தார். அதே சென்னையில் ஷியாக்களின் ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலும் இன்றளவும் நிமிர்ந்து நிற்கின்றது.

பஹ்ருல் உலூம் அவர்களின் பெருநூலான ‘பவாதிஹுர் ரஹமூத்’ உஸூலுல் பிக்ஹு என்னும் சான்றாய்வுக் கலையைச் சார்ந்தது. நம் வினாவுக்குரிய திறவுகோலும் அக்கலையிலேயே உள்ளது. சான்று இருவகைப்படும். ஒன்று, ஐயத்துக்கு இடமற்ற ‘கத்ஈ’. மற்றொன்று, வேறு பொருளுக்கும் இடந்தரும் ‘ளன்னீ’. ஈமானின் அடிப்படையை முதல்வகைச் சான்றால் மட்டுமே நிறுவ இயலும்.

இமாமத் மார்க்கத்தின் மூலங்களுள் ஒன்று என்பது ஷியாக்களின் நிலை. அது பிக்ஹைச் சார்ந்த கிளை விவகாரம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதினார்கள். மேற்கண்ட சான்றுகள் ஒன்றோடொன்று இணைந்து ஐயமற்ற உறுதியை நல்குகின்றன என்பர் அவர்கள். அவை சிறப்பையும் நேசத்தையும் ஐயமின்றி நிறுவுகின்றன. ஆட்சி நியமனத்தை அவ்வாறு நிறுவவில்லை என்போம் நாம். இதுவே வேற்றுமையின் வேர்.

நம் கடமை

வேரை அறிந்தவர் மூன்று தவறுகளினின்றும் தப்புவர். முதலாவது, வாதத்தில் வெல்லும் பொருட்டு அலி (ரலி) அவர்களின் சிறப்பைக் குறைத்துப் பேசுதல். நம் பிள்ளைகளுக்குப் பாத்திமா, ஹஸன், ஹுஸைன் என்று பெயர் சூட்டுகின்றோம். தொழுகைதோறும் நபியின் குடும்பத்தார்மீது ஸலவாத் ஓதுகின்றோம். அந்நேசம் ஒரு பிரிவாருக்கு மட்டும் உரிய சொத்தன்று.

இரண்டாவது, ஷியாக்களுக்கு வேறு குர்ஆன் உண்டு என்று பழி சுமத்துதல். ஹிஜ்ரி 381இல் மறைந்த அவர்களின் பேரறிஞர் ஷைகு ஸதூக், மக்கள் கையில் இரு அட்டைகளுக்கிடையே உள்ளதே குர்ஆன் என்று தம் கொள்கை நூலில் வரைந்துள்ளார். 2005இல் ஜோர்தானின் அம்மான் நகரில் கூடிய பல நாட்டு அறிஞர்கள், நான்கு மத்ஹபுகளோடு ஜஅபரீ, ஜைதீ முதலியவற்றைப் பின்பற்றுவோரும் முஸ்லிம்களே என்று அறிவித்தனர்.

மூன்றாவது, கண்ணியம் காத்தல் என்ற பெயரால் நம் கொள்கையையே நெகிழவிடுதல். அபூபக்ர், உமர், உஸ்மான் (ரலி) ஆகியோரை நேர்வழி நின்ற கலீபாக்கள் என்று நம்புகின்றோம். அவர்களைத் தூற்றும் சொல்லை எவர் கூறினும் ஏலோம். கொள்கையில் உறுதியும் நாவில் அடக்கமும் ஒருங்கே இருத்தல் கூடும்.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளைகள் இவ்வினாவோடு வந்தால் அதட்டி வாயடைக்காதீர்கள். திருமறையை எடுத்து அவ்வசனத்தை முன்பின் வசனங்களோடு சேர்த்து ஓதச் செய்யுங்கள். இரு விளக்கங்களையும் திரிக்காமல் எடுத்துக் கூறுங்கள். பின்னர் நம் வழியின் நியாயத்தை விளக்குங்கள். மறைத்து வளர்த்த நம்பிக்கை முதல் ஐயத்திலேயே ஆட்டங்காணும். அறிந்து வளர்ந்த நம்பிக்கை நிலைபெறும்.

வல்ல அல்லாஹ் சத்தியத்தை அறியும் அறிவையும், அதனை அழகிய முறையில் எடுத்துரைக்கும் பண்பையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.