மின்பியானோவும் ஆர்கனும் இனிதொலிக்கும் வகை

நெய்தல் நிலத்துக்கு விளரி யாழை உரியதாக வகுத்தனர் நம் இலக்கண நூலார். நிலத்துக்கேற்ற தொழிலும், தொழிலுக்கேற்ற கருவியும் அமையும் என்பது அவர் கொள்கை. இக்காலத்து நெய்தல் நிலத்திற் கேட்கும் கருவி யாதெனின், பறையும் பம்பையும் ஒருபுறமிருக்க, மின்சாரத்தால் இயங்கும் கீபோர்டே என்னல் வேண்டும். மணவீடாயினும், அம்மன் திருவிழாவாயினும், ஆலய ஆராதனையாயினும் அக்கருவி இன்றி மேடை அமைவது அரிதாயிற்று. ஆயினும் அதனை வாங்குவோர் பலர்; அதனிடத்து நல்லொலி பெறுவோர் சிலரே. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடையாற்றுக் கழிமுகத்துக்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் தோப்பை அடுத்துக் கடலை நோக்கி அமைந்துள்ளது ஊரூர் ஒல்காட் குப்பம். 1882-ஆம் ஆண்டில் அச்சபையின் தலைமையகத்தை அடையாற்றில் நிறுவியவரும், 1894-ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறார்க்கு இலவசப் பள்ளி தொடங்கியவருமான கர்னல் ஒல்காட்டின் பெயரை இவ்வூர் தாங்கி நிற்கிறது. சபாக்களின் கதவுக்குள் அடங்கியிருந்த கருநாடக இசையும், வீதியில் முழங்கிய பறையாட்டமும் ஒரே மேடையில் ஒலித்தல் வேண்டும் என்னும் எண்ணத்தோடு 2015-ஆம் ஆண்டில் டி. எம். கிருஷ்ணா முதலியோர் குப்பத்து மக்களோடு கூடித் தொடங்கிய விழா இவ்வூரின் பெயரைப் பலர் அறியச் செய்தது.

இக்குப்பத்துக் கரையில் ஒரு மாலை எம் மாணவர் சிலர் அவ்வூர் இளைஞரோடு கூடி ஓர் இசை நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தனர். விலை மிகுந்த கீபோர்டு ஒன்றை இரவல் பெற்றுச் சென்றிருந்தோம். மின்பியானோ என்று பெயரிட்ட பொத்தானை அழுத்தி வாசிக்கத் தொடங்கியதும், அருகே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலைநிமிர்ந்து, “இன்னா தம்பி, பெட்டி பெரிசா இருக்குது, சத்தம் மட்டும் தகரத்தைத் தட்டினாப்பலே கேக்குதே?” என்றார். மாணவர் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை, அவர் கூறியது முற்றிலும் உண்மை. அக்கேள்விக்கு விடை தேடியபோது யாம் கற்றவற்றையே கீழே தொகுத்துரைக்கின்றோம்.

மூலக் கருவிகள்

போலியை நன்கு ஆளவேண்டின் மூலத்தை அறிதல் வேண்டும். கீபோர்டில் “மின்பியானோ”, “ஆர்கன்” என்று எழுதப்பட்டிருப்பவை கற்பனை ஒலிகள் அல்ல. இரும்பும் மரமும் கொண்டு செய்யப்பட்ட பழங்கருவிகள் சிலவற்றின் நிழல்களே அவை.

அவற்றுள் முதலாவது ரோட்ஸ் பியானோ. ஹெரால்டு ரோட்ஸ் என்னும் அமெரிக்க ஆசிரியர், இரண்டாம் உலகப் போரிற் காயமுற்றுப் படுக்கையிற் கிடந்த வீரர்க்கு இசை பயிற்றுவிக்க விரும்பி, பி-17 விமானத்தின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு மடிமேல் வைத்து வாசிக்கத்தக்க சிறு பியானோ ஒன்றைச் செய்தார். அம்முயற்சியின் வழிவந்ததே 1965-ஆம் ஆண்டில் பெண்டர் நிறுவனத்தின் பெயரோடு வெளிவந்த ரோட்ஸ் பியானோ. இதில் தந்தி இல்லை. சிறு சுத்தியல் ஒன்று மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும். கம்பியின் அதிர்வை எதிரே நிற்கும் காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்றும். மெல்லத் தட்டின் மணியோசை போன்று தெளிந்தும், வலிந்து தட்டின் உறுமல் போன்று கரகரத்தும் ஒலிப்பது இதன் தனிச்சிறப்பு.

இரண்டாவது, 1950-களின் நடுவில் தோன்றிய வுர்லிட்சர். நம் ஆர்மோனியத்தில் உள்ளதுபோன்ற ரீடுகளே இதிலும் உள்ளன. எனினும் இவை காற்றால் ஊதப்படுவன அல்ல, சுத்தியலால் தட்டப்படுவன. ரோட்ஸைவிடக் குறுகியும் சற்றே முரடாகவும் ஒலிக்கும். ரே சார்ல்ஸ் 1959-இல் இதனை வாசித்துப் பாடிய பாட்டொன்று உலகப் புகழ் பெற்றது.

மூன்றாவது ஹம்மாண்டு ஆர்கன். கடிகாரம் செய்து பழகிய லாரன்ஸ் ஹம்மாண்டு 1935-இல் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். புகழ்பெற்ற பி-3 என்னும் வகையில் விளிம்பு நெளிந்த இரும்புச் சக்கரங்கள் 91 சுழலும். ஒவ்வொன்றும் ஒரு சுரத்தைப் பிறப்பிக்கும். சக்கரங்களின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்று. நம் நாட்டில் 50. ஆகவே அமெரிக்காவுக்கெனச் செய்த ஆர்கனை இங்கே நேரே இணைத்தால் ஒவ்வொரு சுரமும் மூன்று அரைச்சுரம் தாழ்ந்தே ஒலிக்கும். கீபோர்டுக்கும் கைப்பேசிக்கும் இத்தொல்லை இல்லை.

குழாய் ஆர்கனுக்கு இது நிகர் என்று நிறுவனத்தார் விளம்பரம் செய்ய, 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்க வணிக ஆணையத்தின் முன் வழக்கு எழுந்தது. சிக்காகோ பல்கலைக்கழக ஆலயத்தில் இரு கருவிகளையும் மறைவில் வாசித்துக் காட்டி, எது எதுவெனக் கேட்டபோது, இசையறிந்தோரும் மாணவரும் பலமுறை பிழைத்தனர். கருவியைக் கண்ணால் மதிப்பவன் செவியால் ஏமாறுவான் என்பதற்கு இது சான்று.

பி-3 ஆர்கன் 150 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ளது. குப்பத்து மணலில் அதனைச் சுமப்பார் யார்? ஆதலின் போலியே நமக்குத் துணை.

போலி செய்யும் முறைகள்

போலி செய்யும் முறை மூன்று. முதலாவது, கணக்கின் வழியே புதிதாக ஒலியைப் பிறப்பித்தல். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஜான் சௌனிங் 1967-இல் கண்டறிந்த முறையைத் தழுவி யமஹா நிறுவனத்தார் 1983-இல் வெளியிட்ட டி.எக்ஸ்.-7 இவ்வகையது. அதன் பளிங்கு போன்ற மின்பியானோ ஒலி 1980-களின் பாட்டுகளில் எங்கும் நிறைந்தது. இரண்டாவது, மூலக் கருவியின் ஒவ்வொரு சுரத்தையும் பல வலிமைகளில் வாசித்துப் பதிவு செய்து வைத்தல். மூன்றாவது, கம்பியும் சுத்தியலும் காந்தமும் இயங்கும் விதத்தையே கணிப்பொறி நொடிதோறும் கணக்கிட்டு ஒலித்தல்.

கடையில் ஒரு கீபோர்டைச் சோதிக்கும் எளிய வழி ஒன்றுண்டு. ஒரே கட்டையை மிக மெல்லத் தொடங்கி மிக வலிதாக முடியுமாறு இருபது முறை அழுத்துக. ஒலியின் தன்மை படிப்படியாக மாறின் நன்று. திடீரென்று ஓரிடத்தில் வேறு ஒலி குதித்து வரின், பதிவுகள் குறைவு என்று அறிக. பிறகு ஒரு கட்டையை அழுத்தியபடியே ஒலி தேய்ந்து மறையும் வரை காத்திருக்க. இயல்பாகத் தேயாமல் ஒரே அலை மீண்டும் மீண்டும் சுற்றுவதுபோற் கேட்பின் அதனையும் தவிர்க்க.

மின்பியானோவை ஆளும் முறை

முதற்கண் கையின் வலிமைக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தத்தைச் சரிசெய்தல் வேண்டும். ஏறக்குறைய எல்லாக் கீபோர்டுகளிலும் “டச்” என்னும் அமைப்பு உண்டு. ரோட்ஸின் உறுமல் வலிந்து வாசிக்கும்போது மட்டுமே எழவேண்டும். எப்போதும் உறுமின் அவ்வமைப்பைக் கடினமாக்குக. ஒருபோதும் உறுமாவிடின் இளக்குக. இவ்வொன்றைத் திருத்துவதாலேயே பாதிக் குறை தீரும்.

இரண்டாவது, இடது கை. பியானோவிற் பழகியவர் தாழ்ந்த சுரங்களை அடுக்கி வாசிப்பர். மின்பியானோவில் அவை ஒன்றோடொன்று கலந்து சேறாகும். பேஸ் கிதார் வாசிப்பவர் உடனிருப்பின் இடது கை நடுத் தாயியிலேயே நிற்கட்டும். 200 முதல் 300 அதிர்வெண் வரையுள்ள பகுதியை மிக்சரிற் சிறிது குறைப்பின் ஒலி தெளியும்.

மூன்றாவது, ஒப்பனை. மூலக் கருவிகள் வால்வு ஒலிபெருக்கி வழியே கேட்கப்பட்டவை. ஆதலின் சிறிதளவு கரகரப்பு அவற்றுக்கு இயல்பு. உப்புப் போல் அளவறிந்து சேர்க்க.

ஆர்கனை ஆளும் முறை

ஆர்கனுக்குக் கைவலிமை இல்லை. மெல்ல அழுத்தினும் வலிந்து அழுத்தினும் ஒலி ஒன்றே. ஆகவே உணர்ச்சியைக் காட்டும் வழி வேறு. வலக்காலின் கீழுள்ள வால்யூம் பெடலே ஆர்கனின் மூச்சு. சஸ்டெயின் பெடலைத் தொடுதல் ஆகாது; சுரத்தைத் தொடர விரும்பின் விரலாலேயே தொடர்தல் வேண்டும். பியானோ வாசிப்பவர் ஆர்கனிற் பிழைப்பது பெரும்பாலும் இவ்விடத்தே.

அடுத்து, டிராபார் எனப்படும் ஒன்பது இழுகோல்கள். ஒவ்வொன்றையும் 0 முதல் 8 வரை இழுக்கலாம். இவற்றை நம் இசைமொழியிற் கூறின் எளிதில் விளங்கும். “8 அடி” என்பது ஆதார சட்ஜம். “16 அடி” அதன் கீழ்த்தாயி. “4 அடி”, “2 அடி”, “1 அடி” என்பன முறையே ஒன்று, இரண்டு, மூன்று தாயி மேலான சட்ஜங்கள். கறுப்புக் கோல்கள் மூன்றும் மேல்தாயிப் பஞ்சமத்தையும் அந்தர காந்தாரத்தையும் தருவன. தம்புராவின் சட்ஜத் தந்தியை மீட்டிக் கூர்ந்து கேட்போர்க்கு அந்தர காந்தாரம் தானே எழுவது தெரியும். ஒரு சுரத்துள் மறைந்திருக்கும் அவ்வொலிகளைத் தனித்தனியே எடுத்து வேண்டிய அளவு கலப்பதே இழுகோலின் வேலை.

முதல் மூன்று கோல்களையும் முழுதும் இழுத்து, ஏனையவற்றை மூடி, “பெர்க்கஷன்” என்னும் தட்டோசையைச் சேர்ப்பின் ஜாஸ் இசைக்குரிய ஒலி கிடைக்கும். அத்தட்டோசை எல்லா விரல்களையும் எடுத்தபின் அழுத்தும் முதற் சுரத்துக்கே கேட்கும் என்பதை நினைவிற் கொள்க. சபையார் கூடிப் பாடும் கீர்த்தனைக்குத் தட்டோசை வேண்டா. 8, 4, 2 அடிக் கோல்களை முறையே 8, 6, 4 அளவில் இழுத்தாற் போதும். ஒன்பது கோலையும் முழுதும் இழுத்தல் பாட்டின் உச்சிக்கு மட்டுமே உரியது. முதலிலேயே இழுத்தவர்க்குப் பிறகு ஏறுவதற்கு இடமில்லை.

கடைசியாக லெஸ்லி. 1940-களின் தொடக்கத்தில் டான் லெஸ்லி அமைத்த இவ்வொலிபெருக்கியில் மேலே ஊதுகொம்பும் கீழே உருளையும் சுழலும். வண்டி நம்மை நோக்கி வருங்கால் அதன் ஊதலோசை உயர்ந்தும், விலகுங்கால் தாழ்ந்தும் கேட்பதுபோல், சுழலும் ஒலி நெளிந்து நெளிந்து வரும். இதனை 1842-இல் விளக்கியவர் டாப்ளர். வேகம் இரண்டு: விரைந்த சுழற்சியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்று, மெல்லிய சுழற்சியில் ஏறத்தாழ 50-க்குள். கொம்பு இலேசானதாகையால் உடனே விரையும். உருளை கனத்ததாகையால் பின்தங்கியே விரையும். இவ்விடைவெளியிற் பிறக்கும் ஏக்கமே கேட்போர் நெஞ்சைத் தொடுவது. எனவே ஒரே வேகத்தில் விட்டுவிடாது, பாட்டின் அடி முடியுமிடத்தில் வேகத்தை மாற்றுக.

கைப்பேசிச் செயலிகள்

பெரிய கீபோர்டு வாங்க இயலாதவர் மனந்தளர வேண்டா. பழைய கீபோர்டு ஒன்றில் மிடி இணைப்பு இருப்பின், அதனைக் கைப்பேசியோடு கம்பியால் இணைத்துச் செயலியின் ஒலியை வாசிக்கலாம். மிடி என்பது 1983-இல் பல நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொதுமொழி. நாற்பதாண்டுக்கு முன் செய்த கீபோர்டும் இன்றைய செயலியோடு அம்மொழியிற் பேசும்.

இதிற் கருதவேண்டியது தாமதம். ஒலி காற்றில் 3.4 மீட்டர் செல்ல நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். அவ்வளவு தாமதத்தைக் கை பொறுத்துக்கொள்ளும். மிகின் தாளம் வழுவும். செயலியின் “பபர்” அளவை 256 அல்லது அதற்குக் கீழே வைத்தல் நன்று. ப்ளூடூத் ஒலிபெருக்கி பெருந்தாமதம் செய்வது. வாசிக்கும்போது கம்பியே தகும். அழைப்பு வந்து பாட்டை முறிக்காதபடி விமானப் பயண அமைப்பில் வைத்தலும் மறவற்க.

தகரத்தின் மருமம்

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். எம் கீபோர்டின் ஒலி வலம், இடம் என இரு கூறாகப் பதிவு செய்யப்பட்டது; குப்பத்து மேடையிலோ ஒலிபெருக்கி ஒன்றே. இரு கூறும் ஒன்றிற் கலந்தபோது ஒன்றன் மேட்டை மற்றொன்றின் பள்ளம் தின்றுவிட்டது, எஞ்சியது தகரவோசை. இடப்புறத் துளையில் மட்டும் கம்பியைச் செருகின், கருவியே ஒற்றை ஒலியைத் தகுந்தபடி அமைத்துத் தரும் என்பது கையேட்டில் எழுதியிருந்தது. யாம் படிக்கவில்லை.

வேறு இரண்டும் கண்டோம். வெட்டவெளியில் எதிரொலிக்கும் சுவர் இன்மையால் ஒலி வறண்டு கேட்கும். ஆண்டுச் சிறிது எதிரொலி சேர்த்தல் வேண்டும். ஆலயத்திலோ கல்லும் கூரையுமே எதிரொலி தருதலின் அதனை நீக்கிவிடல் வேண்டும். மேலும் அலையின் ஓயாத இரைச்சல் மெல்லிய நுணுக்கங்களை மூடிவிடுமாதலின், அறையில் அமைத்த ஒலியைக் கரையில் நின்று மீண்டும் அமைத்தல் இன்றியமையாதது. உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். நிகழ்ச்சி முடிந்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து உறையிலிடுக.

மறுமாலை, கம்பியை மாற்றி, இடது கையைக் குறைத்து, லெஸ்லியை மெல்லச் சுழலவிட்டு வாசித்தனர். எம் மாணவரினும் நன்கு வாசித்தவர் அக்குப்பத்து இளைஞர் ஒருவர். அவர் கையிலிருந்தது திரை கீறிய பழைய கைப்பேசியும், சில கட்டைகள் தேய்ந்த கீபோர்டுமே. முதியவர் ஒன்றும் கூறவில்லை. வலையிலிருந்து கண்ணெடாமல் காற்பெருவிரலால் மணலிற் தாளமிட்டுக்கொண்டிருந்தார்.

மாணவ நண்பர்களே, விலை கொடுத்து வாங்குவது கருவி. செவி கொடுத்துப் பெறுவது ஒலி. முன்னது சிலர்க்கே வாய்க்கும். பின்னது எக்குப்பத்தார்க்கும் உரியது. ஆதலின் புதிய கீபோர்டு வாங்கித் தருமாறு தந்தையாரை வேண்டுமுன், உள்ளதன் கையேட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். அருகிலிருப்பவர் சொல்லையும் கேளுங்கள்.