8,600 ரூபாய் எஸ்டிமேட்டும் ஒரு புளியங்கொட்டையும்: உங்க டிஷ்வாஷருக்கு ஒரு ஆடிட்டரின் கணக்கு

ஜூலை கடைசி வாரம் எங்களை மாதிரி ஆடிட்டர் வீடுகள்ல எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஃபார்ம் 16-ஐ கையில வெச்சுக்கிட்டு கடைசி நேரத்துல போன் பண்றவங்க நீங்கதானே! அப்படி ஒரு ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்கு வந்தா, அம்மா சிங்க் முன்னாடி நின்னு குக்கர் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. அவங்க பாத்திரம் தேய்க்கக் கூடாதுன்னுதான் 4 வருஷத்துக்கு முன்னாடி 42,000 ரூபாய் கொடுத்து டிஷ்வாஷரே வாங்கினோம். அது பாதியில நின்னுபோய், அடியில அழுக்குத் தண்ணி தேங்கி, ஏதோ ஒரு எரர் கோட் காட்டிக்கிட்டு இருந்துச்சு.

மறுநாள் சர்வீஸ்ல இருந்து ஒருத்தர் வந்தார். கதவைத் திறந்தார், ஒரு பட்டனை அழுத்தினார், அஞ்சே நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டார். "டிரெய்ன் பம்ப் போயிடுச்சு மேடம். போர்டையும் சேர்த்து மாத்திட்டா நிம்மதி. 8,600 ஆகும்." விசிட் சார்ஜ் 500, ஜி.எஸ்.டி.யோட 590. "எஸ்டிமேட்டை எழுதிக் கொடுங்க, யோசிச்சுச் சொல்றேன்"னு அனுப்பி வெச்சேன். அதுக்கப்புறம்தான், 4 வருஷமா பிரிச்சே பார்க்காத யூசர் மேனுவலைத் தேடி எடுத்தேன். ஊர்ல இருக்கிற கம்பெனி கணக்குல அடிக்குறிப்புகூட விடாம படிக்கிற ஆள் நான்!

ஸ்விட்சை அணைச்சு பிளக்கை உருவினேன். இதை மட்டும் மறந்துடாதீங்க. தேங்கின தண்ணியை ஒரு கப்பால மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்தேன். கீழ்த்தட்டை வெளியே எடுத்தா தரையில உருளை மாதிரி ஒரு ஃபில்டர் இருக்கும், திருகினா கையோட வந்துடும். எங்க வீட்டுல அது திருகிப் பூட்டாம சும்மா வெச்சிருந்தது. யாரோ ஒரு நாள் அவசரத்துல கழுவி அப்படியே போட்டிருக்கோம். அதுக்குக் கீழே பம்ப்பை மறைக்கிற ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழட்டி, உடைஞ்ச கண்ணாடித் துண்டு இருந்தாலும் இருக்கும்னு கிளவுஸ் போட்டுக்கிட்டு விரலை விட்டுப் பார்த்தா, சுத்துற சக்கரத்துக்கு நடுவுல ஒரு புளியங்கொட்டை! எடுத்தேன், சக்கரத்தை விரலால சுத்திப் பார்த்தேன், எல்லாத்தையும் பழையபடி பூட்டினேன். மெஷின் ஓடிடுச்சு.

அந்த டெக்னீஷியன் ஏமாத்தினார்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்கணும் அவர்! ஃபில்டரைக் கழட்டித் துழாவுறதைவிட பார்ட்டை மாத்துறது அவருக்குச் சுலபம். நமக்குத்தான் அது காசு.

சரி, ஒருவேளை பம்ப் நிஜமாவே போயிருந்தா 8,600 செலவு பண்ணலாமா, இல்ல புதுசு வாங்கலாமா? நிறைய பேர் "போட்ட காசு 42,000 ஆச்சே"ன்னு யோசிப்பாங்க. போட்டது போட்டதுதான், அதைக் கணக்குல சேர்க்காதீங்க. இனிமே செய்யப் போற செலவை, இனிமே கிடைக்கப் போற வருஷத்தால வகுங்க. புது மெஷின் 42,000, 10 வருஷம் உழைக்கும்னு வெச்சுக்கிட்டா வருஷத்துக்கு 4,200. ரிப்பேர் பண்ணின பழசு இன்னும் 6 வருஷம் ஓடினா வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1,430. ரெண்டே வருஷத்துல திரும்பப் படுத்துடுச்சுன்னா 4,300, அதாவது புதுசுக்கே சமம். ஆக, 2 வருஷத்தைத் தாண்டி ஓடும்னு நம்பிக்கை இருந்தா ரிப்பேர்தான் லாபம். 2025 செப்டம்பர்ல டிஷ்வாஷருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்துல இருந்து 18 ஆகக் குறைஞ்சதால, புதுசோட விலையை இன்னைக்கு என்னன்னு பார்த்துப் போடுங்க. (இதுக்குத் தேய்மானம் கழிக்கலாமான்னு கேட்காதீங்க. சம்பளக்காரங்களுக்குக் கிடையாது.)

இனி, அந்த நிலைமையே வராம பார்த்துக்கிறது எப்படின்னு பார்ப்போம்.

நம்ம ஊர்ல டிஷ்வாஷரைக் கொல்றது பெரும்பாலும் உப்புத் தண்ணிதான். பள்ளிக்கரணையில எங்க அபார்ட்மென்ட்டுக்கு போர் தண்ணி, பத்தாததுக்கு லாரி தண்ணி. குழாய் முனையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். இதைச் சமாளிக்க மெஷினுக்குள்ளேயே ஒரு சாஃப்ட்னர் இருக்கு. தண்ணியில இருக்கிற கால்சியம், மெக்னீசியத்தை அது பிடிச்சு வெச்சுக்கும். பிடிச்சதைக் கழுவி அனுப்பி மறுபடி வேலைக்குத் தயாராக அதுக்கு உப்பு வேணும். அதனாலதான் டிஷ்வாஷர் சால்ட். சமையல் உப்பைப் போட்டா என்னன்னு என் தம்பி கேட்டான். அயோடினும், கட்டி ஆகாம இருக்கச் சேர்க்கிற பொருளும் அதுல இருக்கு, சாஃப்ட்னருக்கு ஆகாது. உப்பு விளக்கு எரிஞ்ச அன்னைக்கே நிரப்புங்க, நிரப்பின உடனே ஒரு வாஷ் ஓட்டுங்க. வெளியே சிந்தின உப்பு அப்படியே நின்னா ஸ்டீலே அரிச்சுடும். முக்கியமா, டிடர்ஜென்ட்டைத் தவறிக்கூட உப்புக் குழியில கொட்டிடாதீங்க. சாஃப்ட்னர் போயிடும், அந்தச் செலவு பெருசு.

உப்பு போட்டா மட்டும் போதாது. உங்க தண்ணி எவ்வளவு கடினம்னு மெஷினுக்குச் சொல்லியிருக்கணும். மெஷினோட ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் வந்திருக்கும், நிறைய வீட்டுல பிரிக்காமலே கிடக்கும். நானே வீடு மாறி ஒரு வருஷம் கழிச்சுத்தான் அந்த செட்டிங்கை மாத்தினேன். அதுவரைக்கும் கண்ணாடி டம்ளர் எல்லாம் புகை படிஞ்ச மாதிரி இருந்தது. உங்க டம்ளரும் அப்படி இருந்தா கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேய்ச்சுப் பாருங்க. போயிடுச்சுன்னா அது உப்புப் படிவம், செட்டிங்கை மாத்தினா சரியாகும். போகலைன்னா கண்ணாடியே அரிச்சிருக்கு, அதைத் திருப்பிக் கொண்டு வர முடியாது.

சாதம், குழம்பு சமைக்கிற வீட்டுல ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். பாத்திரத்தைக் கழுவிட்டு உள்ளே வைக்க வேண்டியதில்லை, அப்புறம் எதுக்கு மெஷின்? ஆனா கறிவேப்பிலை, முருங்கைக்காய் சக்கை, புளி இதையெல்லாம் வழிச்சுக் குப்பையில போட்டுடுங்க. ஃபில்டரை வாரம் ஒருமுறை குழாய்ல காட்டி, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, திருகிப் பூட்டுங்க. தண்ணி பீச்சுற கைகள்ல இருக்கிற ஓட்டைகள்ல கடுகு மாட்டும், ஒரு பல் குச்சி போதும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்தக் கையை விரலால ஒரு சுத்து சுத்திப் பாருங்க. கடாய் பிடி இடிச்சுதுன்னா மேல்தட்டு பூரா அழுக்காவே வரும், நீங்க மாத்திரையைக் குறை சொல்லிக்கிட்டு இருப்பீங்க. அலுமினியம் கறுத்துப் போகும், வெளியேதான் இருக்கணும். கையால கழுவுற லிக்விட் சோப் ஒரு சொட்டுகூட வேண்டாம். நுரை பொங்கி அடித்தட்டுக்கு இறங்கினா லீக்னு நினைச்சு மெஷின் பூட்டிக்கும்.

தண்ணியே ஏறலைன்னா, குழாயை மூடிட்டு இன்லெட் ஹோஸைக் கழட்டி அங்கே இருக்கிற சின்ன வலையைப் பாருங்க. லாரி தண்ணி வீடுகள்ல மணல் நிச்சயம். தண்ணி வெளியேறலைன்னா மெஷினுக்குப் பின்னாடி ஹோஸ் மடங்கியிருக்கான்னு முதல்ல பாருங்க. மாசம் ஒருமுறை காலி மெஷின்ல, மேனுவல் சொல்ற அளவுக்கு சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு போட்டு சூடான வாஷ் ஓட்டலாம். பிளீச் எதையும் அதோட கலக்காதீங்க. சர்க்யூட் போர்டு, ஹீட்டர், அடித்தட்டுல தண்ணி, இந்த மூணுக்கும் கண்டிப்பா ஆளைக் கூப்பிடுங்க. அங்கே மிச்சம் பிடிக்கிறது புத்திசாலித்தனம் இல்ல.

ஏ.எம்.சி. போடலாமான்னு வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எனக்கு வருஷத்துக்கு 3,500 சொன்னாங்க. ரெண்டு கேள்விதான் கேட்டேன். பார்ட்ஸ் சேருமா, லேபர் மட்டுமா? அடைப்பும் உப்புப் படிவமும் கவர் ஆகுமா? ரெண்டாவதுக்கு பதிலே வரல. நம்ம ஊர்ல வர்ற கோளாறு முக்கால்வாசி அந்த ரெண்டுதான். மாசம் 300 ரூபாய் தனியா ஒரு ஆர்.டி.யில போட ஆரம்பிச்சேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிஷ்வாஷர் எது படுத்தாலும் அதுல இருந்துதான்.

பார்ட் மாத்தினா பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க, ஜி.எஸ்.டி. பில் இல்லாம காசு கொடுக்காதீங்க. பிரச்சினைன்னா 1915-க்கு போன் பண்ணலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுலயும் தீரலைன்னா நீங்க குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணமே கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போகணும்.

நானும் சர்வீஸ் சென்டருக்கு ஒரு மெயில் போட்டேன், புளியங்கொட்டை போட்டோவோட. "டெக்னீஷியனிடம் விளக்கம் கேட்கப்படும்"னு பதில் வந்தது. அந்த 590 இன்னும் வரல. அம்மா அந்தப் புளியங்கொட்டையைக் கழுவி, என் மேஜையில பேனா ஸ்டாண்டுக்குள்ள போட்டு வெச்சிருக்காங்க.