இருமலுக்கு மாத்திரை கேட்கும் முன்

"போன முறை கொடுத்த வீரியமான மாத்திரையையே எழுதிக் கொடுங்கள், டாக்டர்." இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து இருமலுடன் வருவோர் பலர் இவ்வாறு கேட்பதுண்டு. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கவலை எங்களுக்கும் தெரியும். ஆயினும், மருந்து எழுதும் முன் நாங்கள் கேட்கும் கேள்விகளுக்குக் காரணம் உண்டு.

சளியும் தொண்டைவலியும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவின் மீதே செயல்படும். நிலக்கரித் தூள், சாம்பல், வெல்டிங் புகை ஆகியவற்றால் வரும் இருமலுக்கும் அவை பயன்படா. ஆகவேதான், "என்ன வேலை செய்கிறீர்கள்? விடுமுறை நாளில் இருமல் குறைகிறதா?" என்று கேட்கிறோம்.

இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். அது காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனை இலவசம். லீவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளைத் தாமாக வாங்கி உண்டால், காசநோய்க் கிருமி சில காலம் அடங்கியிருந்து, நோயைக் கண்டறிவது தாமதமாகும். அதற்குள் வீட்டிலுள்ளோருக்கும் நோய் பரவக்கூடும்.

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் நமக்குத் தொலைவில் இல்லை. 'என்.டி.எம்.-1' என்ற நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள் குறித்து 2010-இல் வெளியான ஆய்வில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இடம்பெற்றன. 2012-இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில ஆன்டிபயாட்டிக்குகளை விற்கும் மருந்துக் கடைகள் அவ்விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அதை வாங்காதீர்கள்.

உள்நோயாளியாக இருக்கையில் மற்றொன்றையும் நினைவிற்கொள்ளுங்கள். நரம்பில் செலுத்திய ஊசியும், சிறுநீர்க் குழாயும் கிருமி உள்ளே நுழையும் வாயில்களே. வாயால் நன்றாக உண்டு பருக முடிந்தவருக்கு, 'தெம்புக்காக' டிரிப் ஏற்ற வேண்டியதில்லை. "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்று தினமும் கேளுங்கள், அது எங்களைக் குறைசொல்வது ஆகாது. நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கைகளைக் கழுவுங்கள். நாங்கள் மறந்தாலும் தயங்காமல் நினைவூட்டுங்கள்.

மூச்சுத்திணறல், சளியில் இரத்தம், குழப்பமான பேச்சு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே தேவைப்படும்போது ஒரு மணி நேரமும் வீணாக்காமல் கொடுப்போம். அன்று அது வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே, இன்று வேண்டாம் என்கிறோம்.